சேம அச்சும் சேமிப்பு வழங்கியும்

முன்னுரை

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் போற்றுமிடத்து, உப்பு வாணிகரான உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் சென்ற சேம அச்சினை உவமையாக எடுத்தாள்கிறார். பண்டம் மிகுதி, வழியோ மேடும் பள்ளமும். இடைவழியில் யாது நேருமென அறிவார் யார் என்ற முன்னெண்ணத்தால் உமணர் மற்றோர் அச்சையும் உடன் கொண்டு சென்றனர். இக்காலக் கணினித் துறையில், ஒரு வழங்கி நின்றவுடன் மற்றொன்று அதன் பணியை ஏற்கும் ஏற்பாட்டிற்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. ஆயினும் வினா ஒன்று எழுகின்றது. சேம அச்சு, முறிந்த அச்சின் அளவினதாக இல்லாவிடின் வண்டி ஓடுமா? அளவிலும் ஆற்றலிலும் வேறுபட்ட இரு சேமிப்பு வழங்கிகளை ஓரிணையாக்குவதால் விளைவன யாவை என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இணை ஏன் வேண்டும்?

ஒரு நிறுவனத்தின் கோப்புகள் அனைத்தையும் வலையமைப்பின் வழியே பலருக்கும் வழங்கும் கணினியே சேமிப்பு வழங்கி. அதனுள் வட்டு ஒன்று பழுதுற்றாலும் தரவு அழியாதிருக்கப் பல வட்டுகளை அணியாகச் சேர்க்கும் ‘ரெய்டு’ முறையை பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் தம் ஆய்வுரையில் விளக்கினர். எனினும் தாய்ப்பலகையோ மின்வழங்கும் பகுதியோ பழுதுற்றால் வட்டுகள் நலமாக இருந்தும் பயனில்லை. எனவே வழங்கியையே இரண்டாக வைக்கும் தேவை பிறந்தது.

இடையறாப் பணி என்பதன் அளவை எண்ணால் உணரலாம். ஆண்டில் 99.9 விழுக்காடு இயங்கும் வழங்கி ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம் நின்றிருக்கும். அதுவே 99.99 விழுக்காடாயின் நிற்கும் நேரம் ஏறத்தாழ 53 நிமிடமாகக் குறையும். இவ்விடைவெளியைச் சுருக்குவதே இணையின் நோக்கம்.

இணை இயங்கும் முறை

இணையில் ஒன்று பணிபுரியும் வழங்கி. மற்றொன்று காத்திருக்கும் வழங்கி. முன்னதில் எழுதப்படும் ஒவ்வொரு தரவும் உடனுக்குடன் பின்னதிற்கும் அனுப்பப்படுகின்றது. இரண்டும் ‘ஹார்ட்பீட்’ எனப்படும் இதயத்துடிப்புக் குறிப்புகளை இடையறாது பரிமாறிக் கொள்கின்றன. துடிப்பு நின்றால், காத்திருந்தது பொது முகவரியை ஏற்றுப் பணியைத் தொடர்கின்றது. பயனர் அறிந்தது அப்பொது முகவரி ஒன்றே. இவ்வாறு இணைந்தவற்றைக் ‘கிளஸ்டர்’ என்பர்.

லினக்ஸ் இயங்குதளத்தில் தரவை மறுவழங்கிக்கு அனுப்பிப் படியெடுக்கும் பணியைச் செய்வது டிஆர்பிடி என்னும் மென்பொருள். வியன்னாவைச் சேர்ந்த பிலிப் ரைஸ்னர் இதனை உருவாக்கினார். 2010இல் வெளிவந்த 2.6.33ஆம் பதிப்பு முதல் இது லினக்ஸ் கருவிலேயே இடம்பெற்றுள்ளது. இணை பொருந்தாதபோது நிகழ்வதைக் காண இதுவே நல்ல சான்றாகும்.

பொருந்தாமையின் வகைகள்

முதலாவது, கொள்ளளவு. 12 டெராபைட் வட்டணி கொண்ட வழங்கியையும் 8 டெராபைட் கொண்டதையும் இணைத்தால், பயன்படுவது 8 டெராபைட் மட்டுமே. எஞ்சிய 4 டெராபைட் இணைக்குள் வாராது. சிறியதில் கொள்ளாததற்குப் படி இருக்கவியலாது என்பதே காரணம். இருவேறு நிறுவனத்தார் ஒரே அளவெனக் குறித்த வட்டுகளும் நுண்ணளவில் வேறுபடக்கூடும். ஆதலின் தொடக்கத்திலேயே சிறிது இடத்தை ஒதுக்கி வைத்தல் அறிவுடைமை.

இரண்டாவது, விரைவு. டிஆர்பிடியில் ஏ, பி, சி என மூவகை நெறிமுறைகள் உள்ளன. ‘சி’ முறையில் இரு வழங்கியின் வட்டுகளிலும் எழுதி முடித்த பின்னரே ‘எழுதியாயிற்று’ என்னும் விடை கிடைக்கும். இங்கு எழுதும் விரைவை முடிவு செய்வது மெல்லச் செல்லும் வழங்கியே. ஒரே நுகத்தில் பூட்டிய எருதுகளுள் ஒன்று தளர்நடையதாயின், மற்றதன் வலிமை வண்டிக்கு உதவுவதில்லை. ‘பி’ முறையில் தரவு மறுவழங்கியின் நினைவகத்தை அடைந்தால் போதும். ‘ஏ’ முறையிலோ, தன் வட்டில் எழுதி, அனுப்பும் வரிசையில் வைத்தவுடனே பணி முடிந்ததாகக் கொள்ளப்படும். விரைவு மிகும், ஆயின் அந்நொடியில் முதல்வழங்கி வீழ்ந்தால், வரிசையில் நின்ற தரவு மறுபுறம் சேராமல் போகலாம். விரைவும் காப்பும் ஒன்றையொன்று விலையாகக் கேட்பதை இங்குக் காண்கிறோம்.

மூன்றாவது, சுமை தாங்கும் ஆற்றல். இதுவே பெரிதும் மறக்கப்படுவது. வலிய வழங்கியில் நூறு பேர் பணி செய்கின்றனர் எனக் கொள்வோம். அது நின்றவுடன் அந்நூறு பேரும் ஒருசேர மெலியதன்மீது வந்து விழுவர். நினைவகமும் செயலியும் போதாவிடின், காக்க வந்ததும் சாயும். அமைதியான நாளில் குறையொன்றும் தோன்றாது. இடர் நேரும் நாளில்தான் குறை வெளிப்படும். பொருந்தா இணையின் பெருந்தீங்கு இதுவே எனலாம்.

நான்காவது, மென்பொருள் பதிப்பு. பதிப்புகள் மாறுபட்டால் ஒன்று எழுதியதை மற்றொன்று பிழையின்றி ஏற்குமென உறுதி கூற இயலாது. புதுப்பிக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும் சிறுபொழுதில் மட்டும் இவ்வேற்றுமையைப் பொறுக்கலாம்.

இக்காரணங்களால், சைனாலஜி போன்ற நிறுவனத்தார் தம் வழங்கிகளை இணைப்பதற்கு ஒரே மாதிரியையோ, இணையலாமெனத் தாமே அறிவித்த மாதிரிகளையோ மட்டும் ஏற்கின்றனர். நினைவகமும் மென்பொருள் பதிப்பும்கூட ஒத்திருத்தல் வேண்டும் என்கின்றனர்.

இருதலைக் கேடு

இரு வழங்கிகளும் நலமாக இருக்க, இடைப்பட்ட கம்பி மட்டும் அறுந்தால் என்னாகும்? ஒவ்வொன்றும் மற்றது மாண்டதெனக் கருதித் தானே தலைமை ஏற்கும். இரண்டிலும் வேறுவேறு தரவு எழுதப்படும். இதனை ‘ஸ்பிளிட் பிரெய்ன்’ என்பர். பின்னர் இரண்டையும் ஒன்றாக்குவது பெருந்துன்பம்.

கிட்ஹப் நிறுவனத்தில் 2018 அக்டோபர் 21ஆம் நாள் நிகழ்ந்தது இதற்கு ஏற்ற சான்று. அமெரிக்கக் கீழைக்கரையில் வலையமைப்பு இணைப்பு அறுந்திருந்தது 43 நொடிகளே. அதற்குள் தரவுத்தளத் தலைமை மேலைக்கரைக்கு மாறிற்று. இருபுறத்திலும் மற்றதில் இல்லாத பதிவுகள் தங்கிவிட்டன. அவற்றைச் சீர்செய்து முடிக்கும்வரை 24 மணி 11 நிமிடம் பணி குன்றியது. பெருநிறுவனத்திற்கே இந்நிலை எனின், பொருந்தாத இருவழங்கிகளைத் தனிக்கம்பி ஒன்றால் இணைப்போர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! துடிப்புக்கு இருவேறு வழிகள் அமைத்தலும், பூசல் வந்தால் தலைமை யாருக்கென முடிவு செய்ய மூன்றாவதாக ஒரு சான்றுக்கணினி வைத்தலும் இதற்குரிய காப்புகளாம்.

செய்யத்தக்கது

புதிய வழங்கி ஒன்றும் பழைய வழங்கி ஒன்றும் கையிலிருக்க, இரண்டாவது புதியதற்குப் பொருளில்லாத நிறுவனங்கள் பல. அவற்றுக்கு இருவழிகள் உண்டு. ஒன்று, லினக்ஸ் வழியில் இணைத்தல். வலியதைத் தலைமையாக்கினும், தாங்கத்தக்க சுமையை மெலியதன் ஆற்றலைக் கொண்டே வரையறுத்தல் வேண்டும். 8 டெராபைட் தரவை ஒரு கிகாபிட் கம்பியில், நொடிக்கு 110 மெகாபைட் வீதம், முதன்முறை படியெடுக்க ஏறத்தாழ 20 மணி நேரமாகும், அதுவரை காப்பில்லை. படி முடிந்தபின், வேலை மிகுந்த நாளொன்றில் தலைமையைத் தாமே நிறுத்தி மாற்றத்தைச் சோதித்தல் வேண்டும்.

மற்றொன்று, உடனடி இணைப்பைக் கைவிட்டு, குறித்த காலத்திற்கொருமுறை புதியதிலிருந்து பழையதற்குப் படியெடுத்தல். இதற்கு மாதிரிகள் ஒத்திருக்க வேண்டுவதில்லை. மணிக்கொருமுறை எடுப்பின், இழப்பு ஏறக்குறைய ஒருமணி நேரப் பணி. பணியை மறுவழங்கிக்கு மாற்றுதல் கைவேலையாயினும், அளவறிந்த இழப்பு அறியாத இழப்பினும் மேலானது. சிறு நிறுவனங்களுக்கு இவ்வழியே ஏற்றதென நாம் கருதுகிறோம்.

எவ்வழி மேற்கொள்ளினும் தனிக்காப்புப் படி ஒன்று வேண்டும். பணியிலுள்ள வழங்கியில் தவறுதலாக அழித்த கோப்பு, இணையில் அந்நொடியே மறுவழங்கியிலும் அழிந்துவிடும்.

முடிவுரை

டாண்டம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே, கணினிகள் ஏன் நிற்கின்றன என்பதை 1985இல் ஆராய்ந்தார். நிறுத்தங்களுள் பெரும்பங்கு மேலாண்மையிலும் இயக்குதலிலும் நேரும் தவறுகளால் விளைந்தவை. வன்பொருட் பழுதின் பங்கு அதனிற் குறைவே எனக் கண்டார். பொருந்தா இணையோ, நினைவிற் கொள்ளவேண்டிய வேறுபாடுகளைப் பெருக்கி அத்தவறுகளுக்கே இடம் தருகின்றது. இரண்டு இருப்பதனாலேயே காப்பு அமைந்துவிடுவதில்லை. ஒன்றன் இடத்தில் மற்றொன்று நின்று முழுச்சுமையும் தாங்குமாயின் அதுவே காப்பு. உமணரின் சேம அச்சு, வண்டிக்குப் பொருந்தியதாலன்றோ சேம அச்சாயிற்று!