மார்பகக் கட்டியைத் தேடும் ஆன்டெனா: தொப்பூரில் ஒரு மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்? முழுமையான வழிகாட்டி

தொப்பூர் என்றதும் செய்தித்தாள் படிப்பவர்களுக்குக் கணவாய் இறக்கமும் லாரி விபத்துகளும்தான் நினைவுக்கு வரும். அதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது, சுற்றிலும் கிராமங்களும் இருக்கின்றன. அந்தக் கிராமத்துப் பெண் ஒருவருக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால், மேமோகிராம் எடுக்க தருமபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போகும். துணைக்கு ஆள் வேண்டும். "வலியே இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நாள் தள்ளுவது இங்கேதான் தொடங்குகிறது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலியே இருக்காது என்பதுதான் இந்த நோயின் கொடுமை.

குளோபோகான் மதிப்பீட்டின்படி 2022-இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். முற்றிய நிலையில் வந்து சேர்பவர்கள் அதிகம் என்பது இந்த இறப்புகளுக்கு ஒரு பெரிய காரணம். எக்ஸ்-கதிர் இல்லாமல், மார்பை அழுத்தாமல், வேனில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய கருவி ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையில்தான் உலகெங்கும் மைக்ரோவேவ் படமெடுப்பு ஆராயப்படுகிறது. ஈசிஇ இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக இதை எடுக்க நினைப்பவருக்கான வழிகாட்டி இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய தேதியில் இந்த முறை மேமோகிராமுக்கு மாற்று அல்ல. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ கட்டி, மார்புக்காம்பு உள்ளிழுப்பு, ரத்தக் கசிவு ஏதாவது இருந்தால் எந்தக் கருவிக்கும் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 1: ஆன்டெனாவைத் தொடும் முன் திசுவைப் படியுங்கள்

பிளஸ் டூ இயற்பியலில் படித்த ஒப்புமை விடுதிறன்தான் இந்தத் துறையின் அடிப்படை. நீர் அதிகமுள்ள திசுவில் அது அதிகம், கொழுப்பில் குறைவு. சில ஜிகாஹெர்ட்ஸ் அளவில் மார்பகக் கொழுப்பின் மதிப்பு 5-ஐ ஒட்டி இருக்கும். புற்றுக்கட்டியின் மதிப்பு 50-ஐ ஒட்டி இருக்கும். இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் அலை அங்கே மோதிச் சிதறும். அந்தச் சிதறலைப் பிடித்தால் கட்டியின் இடம் தெரியும். கருத்து அவ்வளவுதான்.

ஆனால் மார்பகம் வெறும் கொழுப்பு அல்ல. பால்சுரப்பித் திசுவும் நீர் நிறைந்ததுதான். 2007-இல் விஸ்கான்சின், கால்கரி பல்கலைக்கழகக் குழுக்கள் அறுவை சிகிச்சையில் எடுத்த திசுக்களை அளந்து வெளியிட்ட முடிவு, அதுவரை இருந்த உற்சாகத்தை அடக்கியது. கட்டிக்கும் கொழுப்புக்கும் பத்து மடங்கு வரை வேறுபாடு. கட்டிக்கும் சுரப்பித் திசுவுக்கும் சுமார் 10 சதவீதம்தான். இளம் பெண்களுக்குச் சுரப்பித் திசு அதிகம். மேமோகிராம் திணறுவதும் அடர்த்தியான மார்பகத்தில்தான். எங்கே இந்த முறை மிகவும் தேவைப்படுகிறதோ அங்கேயே அதற்கும் கடினம். ப்ராஜெக்ட் அறிக்கையில் பலர் விட்டுவிடும் உண்மை இது. நீங்கள் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

படி 2: அதிர்வெண்ணை முடிவு செய்யுங்கள்

அதிர்வெண் ஏற ஏற அலை உடலுக்குள் விரைவில் தேய்ந்துபோகும். குறைத்தால் ஆழமாகப் போகும், ஆனால் படம் மங்கும். ஆய்வுக் கருவிகள் பெரும்பாலும் 1 முதல் 9 ஜிகாஹெர்ட்ஸுக்குள் நிற்பது இதனால்தான்.

ரேடார் முறையில் ஆழத்தைப் பிரித்தறியும் திறனை ஒரு சிறு கணக்கு சொல்லிவிடும்: அலையின் வேகத்தைப் பட்டை அகலத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். மார்பகத்தின் சராசரி விடுதிறன் 9 என்று வைத்தால் அலை வேகம் நொடிக்கு 10 கோடி மீட்டர். 2002-இல் அமெரிக்காவின் எஃப்சிசி அனுமதித்த 3.1 முதல் 10.6 வரையிலான மீஅகலப்பட்டை முழுவதும் கிடைத்தால் பட்டை அகலம் 7.5 ஜிகாஹெர்ட்ஸ், பிரித்தறியும் திறன் 7 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 3 முதல் 6 வரை மட்டும் அளக்கும் மலிவான கருவி என்றால் அதுவே 17 மில்லிமீட்டர் ஆகிவிடும். கருவி வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

படி 3: பழகுவதற்கு ஒரு பேட்ச்

கையால் கணக்குப் போட்டுப் பழக 2.45 ஜிகாஹெர்ட்ஸ் மைக்ரோஸ்ட்ரிப் பேட்ச் நல்லது. கடைகளில் கிடைக்கும் எஃப்ஆர்-4 போர்டு, விடுதிறன் 4.4, தடிமன் 1.6 மில்லிமீட்டர். பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டால் அகலம் 37.3 மில்லிமீட்டர், நீளம் 28.8 மில்லிமீட்டர் வரும். உங்களுக்கும் இந்த விடை வந்தால் சூத்திரம் புரிந்துவிட்டது.

இதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பேட்ச்சின் பட்டை அகலம் சில சதவீதம்தான். அதை வைத்து ஆழம் பார்க்க முடியாது. 2.45-இல் எஸ்11 வளைவு -25 டெசிபலுக்கு இறங்கியதைப் படம் பிடித்து ஒட்டி, "புற்றுநோய் கண்டறியும் ஆன்டெனா" என்று தலைப்பிடுவது நோயாளிகளுக்கு நியாயமே அல்ல. எஸ்11 சொல்வது, கொடுத்த சக்தியில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதை மட்டும். -10 டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு திரும்புகிறது. மீதி ஒன்பது பங்கு கட்டி வரை போனதா, எஃப்ஆர்-4 போர்டிலேயே சூடாகிப் போனதா என்பதை அந்த வளைவு சொல்லாது.

படி 4: உடலுக்கான ஆன்டெனா

வேலைக்கு ஆகும் ஆன்டெனாக்கள் அகலப்பட்டை வகை. தரைத்தளத்தைப் பாதியாக வெட்டிய அச்சு மோனோபோல் செய்வதற்கு எளிது. பீட்டர் கிப்சன் 1979-இல் அறிமுகப்படுத்திய விவால்டி, அலையை ஒரே திசையில் அனுப்புவதால் படமெடுப்புக்கு அதிகம் விரும்பப்படுகிறது. அதன் வாய், புனல்போல விரிந்துகொண்டே போகும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: காற்றில் சரியாக வேலை செய்யும் ஆன்டெனா உடலை ஒட்டி வைத்ததும் மாறிவிடும். பக்கத்தில் விடுதிறன் அதிகமுள்ள பொருள் வந்தால் ஒத்ததிர்வு கீழிறங்கும், பொருத்தம் குலையும். அதனால் சிமுலேஷனின் முதல் நாளிலிருந்தே ஆன்டெனாவுக்கு முன்னால் 2 மில்லிமீட்டர் தோல், அதன் பின்னால் கொழுப்பு என்று அடுக்கி வைத்து வடிவமையுங்கள். சிஎஸ்டி, ஹெச்எஃப்எஸ்எஸ் உரிமம் இல்லாவிட்டால் இலவசமான ஓபன்இஎம்எஸ் போதும். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் எம்ஆர்ஐ படங்களிலிருந்து உருவாக்கிய கணினி மார்பக மாதிரிகளும் உண்டு. கன சதுரத்துக்குள் உருண்டை வைப்பதைவிட அவை எவ்வளவோ மேல்.

காற்றிலிருந்து தோலுக்குள் நுழையும்போதே அலையில் பெரும்பகுதி திரும்பிவிடும் என்பதால் சில குழுக்கள் நடுவே இணைப்புத் திரவம் வைக்கின்றன. நமக்கு அருகில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில் சோளப் பாகைப் பயன்படுத்தியது. இத்தாலியின் பெருஜியாவில் உருவான மேமோவேவ் கருவியோ திரவமே இல்லாமல், இரண்டே ஆன்டெனாக்களோடு காற்றிலேயே 1 முதல் 9 ஜிகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மரியா கருவியில் கிண்ண வடிவில் 60 ஆன்டெனாக்கள். கிராமத்து முகாமை மனதில் வைத்தால் இத்தாலிய வழிதான் எனக்குப் பிடிக்கிறது. ஒவ்வொருவருக்கும் திரவம் மாற்றித் துடைக்கும் வேலை இல்லை.

படி 5: மாதிரி மார்பகம் செய்யுங்கள்

ஃபேன்டம் எனப்படும் இந்த மாதிரிக்குப் பெரிய செலவு தேவையில்லை. ஆய்வுக் கட்டுரைகளிலேயே இடம்பெற்ற எளிய வழி: கொழுப்புக்குப் பெட்ரோலியம் ஜெல்லி, கட்டிக்குத் தண்ணீர் விட்டுப் பிசைந்த கோதுமை மாவு. மெல்லிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஜெல்லியை அடைத்து, சுண்டைக்காய் அளவு மாவு உருண்டையை ஓரமாகப் புதையுங்கள். நடுவில் வைக்காதீர்கள், காரணம் அடுத்த படியில் வருகிறது.

ஜெல்லியை அள்ளிப் போட்டால் உள்ளே காற்றுக் குமிழ் மாட்டும். குமிழும் ஒரு பொய்க் கட்டிதான், அலை அங்கேயும் சிதறும். மெல்ல உருக்கி ஊற்றி ஆறவிட்டால் குமிழ் குறையும். உருண்டையைப் பாதி அளவு ஜெல்லி இறுகியபின் வைத்து மேலே ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மாவில் ஈரம் காய்ந்தால் விடுதிறனும் இறங்கிவிடும், அதனால் பிசைந்த அன்றே அளந்துவிடுங்கள். கட்டி வைக்காத இன்னொரு கிண்ணமும் அதே ஜெல்லியில் தயாராக இருக்கட்டும்.

படி 6: அளவெடுங்கள், தோலைக் கழியுங்கள்

கல்லூரியில் வெக்டர் நெட்வொர்க் அனலைசர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 6 ஜிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் கையடக்க லைட்விஎன்ஏ போன்றவை தொடங்கப் போதும். கருவியை அளவுத்திருத்தம் செய்தபின் கேபிளை அசைக்காதீர்கள். கேபிள் வளைந்தாலே கட்டியைவிடப் பெரிய மாற்றம் வரும்.

ஆன்டெனாவை அசையாமல் நிறுத்தி, கிண்ணத்தைச் சுழல்மேடையில் வைத்து 5 பாகைக்கு ஒரு முறை அளந்தால் 72 அளவீடுகள். முதலில் தெரிவதெல்லாம் கிண்ணச் சுவரின் எதிரொலிதான். மனித உடலில் அந்த இடத்தில் தோல் இருக்கும். சுவர் எல்லாக் கோணத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கட்டி மட்டும் கோணத்துக்குக் கோணம் நெருங்கி விலகும். 72 அளவீடுகளின் சராசரியை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்தால் சுவர் மறையும், கட்டி நிற்கும். உருண்டையை நடுவில் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து மறைந்திருக்கும்.

படி 7: படமாக்குங்கள்

தாமதித்துக் கூட்டும் முறையில் தொடங்குங்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆன்டெனாவிலிருந்து அலை போய்வர ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, எல்லாக் கோணத்துச் சிக்னலிலும் அந்த நேரத்து மதிப்பை எடுத்துக் கூட்ட வேண்டும். விடுதிறன் 9 உள்ள ஊடகத்தில் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்வர 0.4 நானோநொடி. ஜெல்லியின் விடுதிறன் 2.4 அளவில்தான் என்பதால் அங்கே அலை ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் ஓடும். அங்கேயும் 9 என்றே போட்டால் கட்டி தப்பான இடத்தில் தெரியும்.

நிரலைப் புதிதாக எழுத வேண்டாம். மெரிட் என்ற திறந்தமூலத் தொகுப்பு மேட்லேபில் இருக்கிறது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகம் ஃபேன்டம் அளவீடுகளையே பொதுவில் வைத்திருக்கிறது. கருவியே இல்லாத மாணவரும் இந்தப் படியைச் செய்து பார்க்கலாம்.

படி 8: மனிதர்களிடம் போகும் முன்

அனலைசரின் சக்தி ஒரு மில்லிவாட் அளவில்தான், கைப்பேசியைவிடக் குறைவு. அதற்காகத் தோழியிடமோ அக்காவிடமோ வைத்துப் பார்க்கக் கூடாது. ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளின்படி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், அந்தப் பெண்ணின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் இல்லாமல் மனித அளவீடு கிடையாது. இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணமும் உண்டு. அரைகுறைக் கருவி "ஒன்றுமில்லை" என்று சொன்னதை நம்பி ஒரு பெண் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டால் அதைத் திருப்பித் தர முடியாது.

ஒப்பிட வேண்டிய எதிராளியையும் தெரிந்துகொள்ளுங்கள். மும்பை டாடா நினைவு மையம் 1998-இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வின் இருபதாண்டு முடிவுகள் 2021-இல் வந்தன. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் பரிசோதித்ததாலேயே நோய் முந்தைய நிலையில் பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. உங்கள் ஆன்டெனா முதலில் வெல்ல வேண்டியது அந்தப் பணியாளரின் விரல்களை.

அடுத்த கட்டமாகத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியின் கதிரியக்கத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் உங்கள் ஃபேன்டம் படங்களை எடுத்துப் போங்கள். கட்டி தெரிந்த படங்களோடு, கட்டி வைக்காத கிண்ணத்தின் படங்களையும், படி 1-இல் பார்த்த சுரப்பித் திசுவுக்கும் ஒரு மாதிரி செய்து சேர்த்ததும் கட்டி காணாமல் போன படங்களையும் காட்டுங்கள். அவர் கேள்வி கேட்கத் தொடங்குவது கடைசி வகைப் படங்களைப் பார்த்துத்தான்.