தெரிந்த சொல்தான் காலை வாரும்

முலுண்டில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் ரயிலேறியதும் மொபைலில் வேர்ட் லிஸ்ட்டைத் திறந்து உருப்போடுகிறார்கள். கிளாஸில் கொடுத்த லிஸ்ட், பாவம், பணம் கட்டியாயிற்று. ஆனால் ஐபிபிஎஸ் தேர்வில் பத்தியிலுள்ள ஒரு சொல்லைக் காட்டிப் பொருள் கேட்கும்போது அது பாதி உதவி, பாதி உபத்திரவம். நன்கு தெரிந்த சொல்லே வேறு பொருளில் வந்து நிற்கும்.

'ரூபாயின் சரிவை அரெஸ்ட் செய்ய ரிசர்வ் வங்கி முயன்றது' என்று ஒரு வரி. விடைகளில் கைது என்று பொருள்படும் சொல்லும் இருக்கும். அவசரத்தில் கை அங்கேதான் போகும். சரிவை யார் கைது செய்வது? இங்கே தடுத்து நிறுத்துவதுதான் பொருள். 'சாங்ஷன்' இன்னும் மோசம். கடனுக்கு என்றால் அனுமதி, ஒரு நாட்டின் மீது என்றால் தடை.

ஆகவே, விடைகளை முதலில் பார்க்காதீர்கள். அந்த வரியையும் முன்பின் வரிகளையும் படியுங்கள். 'பட்', 'ஆல்தோ' கண்ணில் பட்டால் கருத்து அங்கே திரும்புகிறது. கேட்ட சொல்லைக் கோடிட்ட இடமாக நினைத்து, உங்களுக்குத் தோன்றும் சொல்லால் நிரப்புங்கள்; தமிழோ பம்பாய் இந்தியோ, எதுவானாலும் சரி. அதற்கு நெருங்கிய விடையைத் தேடி, வரியில் வைத்துப் படித்துப் பாருங்கள். எதிர்ச்சொல் கேட்டிருக்கிறார்களா என்றும் ஒருமுறை பாருங்கள். கெட்டிக்காரர்களே கோட்டை விடும் இடம் இது.

பிரிலிம்ஸில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடம். கேள்விக்கு 40 விநாடி. சொற்பொருள் கேள்வியை 20 விநாடியில் முடித்தால்தான் பத்தியைப் படிக்க நேரம் மிஞ்சும்.

தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒன்றையாவது உறுதியாகத் தள்ளிவிட்டால் கணக்கு உங்கள் பக்கம் சாயும், தைரியமாகக் குறியுங்கள். எதையும் தள்ள முடியவில்லையா, அடுத்த கேள்விக்குப் போங்கள்.

நாளை முதல் லிஸ்ட்டை மூடிவிட்டு ஆங்கிலப் பேப்பரின் பிசினஸ் பக்கத்தை எடுங்கள். மாட்டுங்கா வருவதற்குள் ஒரு கட்டுரை முடிந்துவிடும். ரூபாய் 'அப்ரிஷியேட்' ஆவதையும், டெண்டர் 'ஃப்ளோட்' செய்வதையும், வதந்தியை 'டிஸ்கவுன்ட்' செய்வதையும் அங்கேதான் பார்ப்பீர்கள். சொல்லை மட்டும் குறிக்காதீர்கள், முழு வரியோடு எழுதி வையுங்கள்.