உப்பளக் கரையில் ஓர் ஊர்த் தலைவர்
சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் வாழ்வு தரும் பாடம்

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில் அமைந்த மரக்காணத்திற்குச் சென்றவர்கள், சாலையின் இரு மருங்கிலும் வெண்ணிறக் குவியல்களைக் கண்டிருப்பர். கழுவேலி நீர்ப்பரப்பை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் பாத்தி கட்டி, உவர் நீரைப் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து உப்பு விளைவிக்கும் தொழில் அங்கே தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வருகிறது. கடல் நீரின் செறிவு ஏறத்தாழ 3 பாகை. அது 25 பாகை அளவை எட்டிய பின்னரே பாத்தியில் உப்பு நன்கு விளையத் தொடங்கும். அதுவரை காத்திருத்தலும், வரப்பைக் காத்தலும், நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றுதலுமே தொழிலாளியின் வேலை. ஐப்பசி மழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும், கூலியும் நின்றுவிடும். தை பிறந்து நிலம் காய்ந்த பின்னரே மீண்டும் வேலை.

இத்தகைய ஊர்களில் பொதுப் பணிக்கு வருவோர் எத்தகையவராக இருத்தல் வேண்டும்? “வீட்டைக் கவனிப்பதா, ஊரைக் கவனிப்பதா?” என்று பஞ்சாயத்து உறுப்பினர் பலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. மனைவி மக்களைத் துறந்தவர் மட்டுமே தொண்டு செய்ய முடியும் என்றால், குடியானவனும் உப்பளத் தொழிலாளியும் பஞ்சாயத்துப் பக்கம் தலைகாட்டவே இயலாது. இக்கேள்விக்கு விடை காண, மரக்காணத்திலிருந்து தெற்கே, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் ஆகியவற்றைக் கடந்து, மற்றோர் உப்பளக் கரையாகிய வேதாரணியத்திற்குச் செல்வோம். அங்கே வாழ்ந்த ஓர் இல்லறத்தாரின் வரலாறு நமக்கு வழிகாட்டும்.

உப்பு வணிகரின் இல்லம்

அ. வேதரத்தினம் பிள்ளை 1897-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 25-ஆம் நாள் பிறந்தார். திருமறைக்காடு என்று பாடல் பெற்ற வேதாரணியமே அவருடைய ஊர். தாயுமானவர் மரபில் வந்த குடும்பம் என்று அவர் குடும்பத்தைக் குறிப்பிடுவர். நிலமும் உப்பு வணிகமும் அவருக்கு இருந்தன. உண்பதற்கும் உடுப்பதற்கும் குறைவில்லாத வாழ்வு. தம் வரையில் அமைதியாக இருந்திருந்தால், ஊரில் மதிப்புள்ள ஒரு மிராசுதாராகவே அவர் காலம் கழிந்திருக்கும்.

1930-ஆம் ஆண்டில் காந்தியடிகள் தண்டிக்கு நடந்து சென்று உப்புச் சட்டத்தை மீறினார். தமிழ்நாட்டில் அப்போரை எங்கே நடத்துவது என்ற ஆலோசனை எழுந்தது. வேதாரணியமே தக்க இடம் என்று ராஜாஜியிடம் எடுத்துரைத்தவர் வேதரத்தினம் பிள்ளை. அவ்வாறு சொல்வது எளிதன்று. நூறு பேர் அளவிலான தொண்டர் படை வந்தால், அதற்குத் தங்குமிடமும் உணவும் வேண்டும். காவலரும் உடன் வருவர். வழக்கும் வரும். உப்பை நம்பி வாழும் வணிகர் ஒருவர், அவ்வுப்பின் பொருட்டே அரசோடு முரண்படுவது தம் வீட்டுக் கூரையைத் தாமே பிரிப்பதற்கு ஒப்பாகும். அதை அறிந்தே அவர் முன்வந்தார்.

சோறிட்டாருக்குச் சிறை

1930 ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் புறப்பட்டனர். ஏறத்தாழ 150 மைல் தூரம் நடந்து, ஏப்ரல் 28-ஆம் நாள் வேதாரணியத்தை அடைந்தனர். வழியில் அவர்களுக்கு இடமோ உணவோ அளிப்பவர்களுக்கு ஆறு மாதச் சிறை கிடைக்கும் என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் எச்சரிக்கை விடுத்தார். விருந்தோம்பலையே குற்றமாக்கிய ஆணை அது. நம் கிராம மக்கள் என்ன செய்தனர்? உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். சோறிட்டவர் யார் என்று சட்டம் கேட்டால், மரத்தையல்லவா கேட்க வேண்டும்!

ஏப்ரல் 30-ஆம் நாள், வேதாரணியத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார். வேதரத்தினம் பிள்ளையும் சிறை சென்றார். அவருடைய சொத்துக்களையும் அரசு பறிமுதல் செய்தது.

அந்நாட்களில் ஊரார் நடந்துகொண்ட முறையை நாம் கருத்தூன்றிக் கவனித்தல் வேண்டும். முடிதிருத்தும் தொழிலாளியாகிய வைரப்பன் என்பவர், தாம் முகம் மழித்துக்கொண்டிருந்தவர் காவலர் என்று அறிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்தார். அதற்காக நீதிமன்றம் சென்றபோதும் அவர் பணியவில்லை. சிறைத் தண்டனையையே ஏற்றார். அன்றாடக் கூலியில் வாழ்ந்த ஒருவருக்கு இத்துணிவு எங்கிருந்து வந்தது? ஊரின் முதல் வரிசையில் இருந்தவர் தம் உடைமையை முதலில் இழக்கத் துணிந்தார். அதைக் கண்டவர்கள் பின்னடையவில்லை. முன்னே நிற்பவர் இழப்பில் முதற்பங்கு ஏற்றால்தான் ஊர் அவர் பின் நிற்கும்.

அப்போராட்டம் வீண் போகவில்லை. 1931 மார்ச்சில் ஏற்பட்ட காந்தி – இர்வின் உடன்படிக்கை, உப்பு விளையும் பகுதிகளில் வாழும் கிராம மக்கள் தம் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளவும் தம் ஊருக்குள் விற்கவும் இடமளித்தது. 1947-ஆம் ஆண்டில் உப்பு வரியே ஒழிந்தது. வேதாரணியத்திற்கு மட்டுமன்றி, மரக்காணம் உள்ளிட்ட எல்லா உப்பளக் கரைகளுக்கும் கிடைத்த பயன் இது.

பிறர் மகளும் தம் மகளே

சிறை சென்றவர் பலர். திரும்பி வந்து ஊருக்கு என்ன செய்தார் என்பதே ஒருவருடைய தலைமையின் உண்மையான அளவுகோல். வேதரத்தினம் பிள்ளை சட்டமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது அப்பதவியன்று. 1944-ஆம் ஆண்டில் கஸ்தூரிபா அம்மையார் மறைந்தார். அவர் பெயரால் 1946-ஆம் ஆண்டில் வேதரத்தினம் பிள்ளை தம் ஊரிலேயே கஸ்தூரிபா காந்தி கன்னியா குருகுலத்தை நிறுவினார். ஆதரவற்ற சிறுமியரும் ஏழைக் குடும்பப் பெண் குழந்தைகளும் தங்கி உண்டு கற்பதற்கு அது இல்லமாயிற்று.

பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதே பெரிது என்று கருதப்பட்ட காலம் அது. தம் மக்களுக்கு உணவும் கல்வியும் தருதல் எந்தத் தந்தைக்கும் இயல்பு. அதே கடமையைத் தாய் தந்தையற்ற பெண்ணுக்கும் ஆற்றியதே இவருடைய பெருமை. குடும்பப் பாசத்தை அவர் துறக்கவில்லை. அதன் எல்லையை விரிவாக்கினார். குடும்பத்தாரும் அப்பணியைத் தம் பணியாக ஏற்றனர். 1961-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னரும், அவர் வழி வந்தோர் குருகுலத்தைப் பேணி வளர்த்தனர். சர்தார் என்று மக்கள் அழைத்த அவருக்கு 1998-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அஞ்சல் தலை வெளியிட்டது.

“வீடா, ஊரா?” என்ற கேள்விக்கு இவ்வாழ்வே விடை. மனைவியும் மக்களும் அறியாமல் செய்யும் பொதுப் பணி, செய்பவரோடு முடிந்துவிடும். வீட்டார் பங்கு கொண்ட பணி அவருக்குப் பின்னும் நிற்கும்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

மரக்காணம் கரைக்கும் அது போன்ற ஊர்களுக்கும் இவ்வரலாறு மூன்று பாடங்களைத் தருகிறது.

முதலாவது, இழப்பில் முன் நிற்றல். பொது வழிக்கு ஒரு முழம் நிலம் வேண்டுமெனில், உறுப்பினரின் வேலியே முதலில் பின்வாங்கட்டும். வரி நிலுவையைக் கேட்குமுன் நம் வரியைச் செலுத்திவிடுவோம்.

இரண்டாவது, நிலைத்த பணி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுதல். பதவிக் காலம் ஐந்து ஆண்டுகளே. பத்து வேலைகளைத் தொடங்கிப் பாதியில் விடுவதைவிட, ஒன்றை வேரூன்றச் செய்து விட்டுச் செல்வது மேல்.

மூன்றாவது, பெண் குழந்தைகளின் கல்வி. உப்பளத்தில் வேலை நிற்கும் மழை மாதங்களில் வீட்டில் கடன் ஏறும். அப்போது முதலில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் மூத்த பெண்ணின் படிப்பே. ஐப்பசி பிறக்குமுன்பே உறுப்பினர்கள் வீடு வீடாகச் சென்று, பள்ளி செல்லாத பெண்கள் யார் யார் என்று குறித்துக்கொள்ளலாம். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ. 5,000 மழைக்கால நிவாரணம் என்று அரசு அறிவித்துள்ளது. தகுதியுள்ளவர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துள்ளனரா என்று பார்த்து, விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். இவற்றிற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. நேரமும் நடையுமே போதும்.

2016-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடங்களை ஒதுக்கச் சட்டம் வகை செய்தது. இன்று பள்ளியில் தக்கவைக்கப்படும் சிறுமி, நாளை அந்த நாற்காலியில் அமர்ந்து தன் பெயரைத் தானே எழுதிக் கையொப்பமிட வேண்டும். அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளையும் சேர்த்துக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.