முதலில் ஆள், பிறகு சைக்கிள்

ஏரியூர்ப் பக்கத்தில் கல்லூரி திறக்கும் நாட்களில் இதைப் பல வீட்டு வாசல்களில் பார்க்கலாம். பிளஸ் டூ முடித்த பிள்ளையைச் சேலத்திலோ தர்மபுரியிலோ விடுதியில் சேர்க்கக் குடும்பமே காரில் கிளம்பும். பெட்டி, பாய், தலையணை, பக்கெட் எல்லாம் ஏறியாயிற்று. கடைசியாகச் சுவரில் சாய்ந்தபடி சைக்கிள் நிற்கும். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள். விடுதிக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் என்றால் அதை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வராது. எடுத்துப் போக நினைப்பதும் சரிதான்.

அப்போதுதான் யாராவது சொல்வார்கள்: "டிக்கியில போட்டுக்கலாம். கதவு மூடலைன்னா கயித்தால கட்டிக்கலாம். சின்னவன் ஆயா மடியில உக்காந்துக்கட்டும்."

ஒரே மூச்சில் சொல்லும் இந்தப் பேச்சுக்குள் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன. சின்னவனிடமிருந்து ஆரம்பிக்கிறேன். சைக்கிளைப் பற்றி யோசிக்கும் முன் முடிக்க வேண்டிய வேலை அவனுடையது.

ஆட்களை எண்ணுங்கள், பெல்ட்டையும் எண்ணுங்கள்

காரில் எத்தனை பேர் போகலாம் என்பது ஆர்.சி.யில் இருக்கிறது. ஆனால் எத்தனை பெல்ட் வேலை செய்கிறது என்பதை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும். நம் ஊர்க் கார்களில் பின் சீட்டு பெல்ட்டின் பூட்டு பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். வண்டி வாங்கிய நாளிலிருந்து வெளியே வராத பெல்ட்டுகளையும் பார்த்திருக்கிறேன். பயணத்துக்கு முதல் நாளே கவரை விலக்கிப் பூட்டை வெளியே எடுங்கள். ஒவ்வொரு பெல்ட்டையும் வெடுக்கென்று இழுத்தால் அது பிடித்து நிற்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் அதன் எடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 15 கிலோ குழந்தை அந்த நொடியில் 300 கிலோ. எந்த ஆயாவின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. ஆயா பெல்ட் போடாமல் இருந்தால் அவர் உடம்பே குழந்தையை முன் சீட்டில் வைத்து நசுக்கிவிடும். ஆயாவின் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துப் பூட்டுவது அதைவிட மோசம்.

கட்டாமல் கிடக்கும் சைக்கிளுக்கும் இதே கணக்குதான். அரசு சைக்கிள் மாதிரியான கனத்த வண்டி 18, 20 கிலோ வரும். மோதலில் அது 400 கிலோ இரும்பாகிப் பின் சீட்டில் இருப்பவர்களின் முதுகில் வந்து இறங்கும்.

ஆகவே முதல் முடிவு இதுதான்: வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டும் ஒரு பெல்ட்டும் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் இடத்தில்தான் சைக்கிள். மிஞ்சவில்லை என்றால் இந்தக் காரில், இந்தப் பயணத்தில் சைக்கிள் இல்லை. வேறு வழிகளைப் பின்னால் சொல்கிறேன்.

எடைக் கணக்கு

காரின் கதவுத் தூணிலோ பானட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் மொத்த எடை வரம்பு இருக்கும். அதிலிருந்து ஆர்.சி.யில் உள்ள வெற்று எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம் தெரியும். சின்னக் கார்களில் அது 400 கிலோவை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், சராசரியாக ஆளுக்கு 65 கிலோ என்றால் 325. இரண்டு சைக்கிள் 36. கேரியர் ஒரு 10. பெட்டி படுக்கை 40. கூட்டினால் 411. பார்வைக்கு நிறைய இடம் இருந்தாலும் எடை தாண்டிவிட்டது. நம் சமையலறைச் சாமான்களும் அரிசி மூட்டையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

டயருக்குக் காற்று அடிக்கும்போது, முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்று அந்தக் கதவுத் தூண் ஸ்டிக்கரில் தனியாகப் போட்டிருப்பார்கள். அந்த அளவுக்கு அடியுங்கள். பின்பாரம் கூடினால் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஸ்டியரிங் பக்கத்தில் அதைத் தாழ்த்தும் திருகு இருந்தால் ஒன்றிரண்டு படி இறக்கி வையுங்கள்.

எங்கே ஏற்றுவது?

மூன்று பேர் மட்டும் போகிறீர்கள், ஒரே ஒரு சைக்கிள் என்றால் காருக்கு உள்ளேயே வைப்பது நல்லது. பின் சீட்டு இரண்டு பகுதியாக மடங்கும் வண்டியில் பெரிய பகுதியை மடக்கிவிட்டு, ஓட்டுநர், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று உட்காரலாம். எர்டிகா மாதிரி மூன்று வரிசை வண்டியில் கடைசி வரிசையை மடக்கினாலே போதும். ஐந்து பேரும் ஒரு சைக்கிளும் போகலாம். கேஸ் சிலிண்டர் வைத்த வண்டியின் டிக்கியில் இதற்கு வழியில்லை. பின்னால் எதிரெதிராக உட்காரும் பக்கவாட்டு சீட்டு உள்ள பழைய ஜீப் வகை வண்டியில், சைக்கிள் ஏறிவிட்டால் அந்தச் சீட்டில் ஆள் ஏறக் கூடாது. சைக்கிளுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு மனிதரைச் செருகி வைப்பதற்குச் சமம் அது.

உள்ளே வைக்க முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் பிரேக் கம்பியைத் தளர்த்திக் கட்டையை விரியுங்கள், இல்லாவிட்டால் டயர் மாட்டிக்கொள்ளும். சக்கரம் கழன்றதும் ஒரு அடிக்கு மேல் நீளம் குறையும். நட்டையும் வாஷரையும் ஒரு சின்னப் பையில் போட்டுச் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள்; சேலத்தில் இறங்கிய பிறகு வாஷரைத் தேடக் கூடாது. ஹேண்டில் பாரைத் தளர்த்திப் பக்கவாட்டில் திருப்பலாம். பெடல் இடித்தால் அதையும் கழற்றலாம். வலது பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகக் கழலும். இடது பெடலின் மரை தலைகீழ். வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்பேனரில் ஏறி மிதித்து மரையைச் சிதைத்தவர்கள் பலர்.

டிக்கியில் பழைய சாக்கையோ போர்வையையோ விரித்து, செயின் இருக்கும் பக்கம் மேலே வருமாறு படுக்க வையுங்கள். செயினைத் துணியால் மூடுங்கள். பிறகு கட்ட வேண்டும். டிக்கித் தரையில் உள்ள வளையங்கள், முன் சீட்டு பொருத்தப்பட்ட இரும்புத் தண்டவாளம் ஆகிய இரண்டும் பலமானவை. சீட்டின் தலைச்சாய்வில் கட்டுவது கட்டாததற்குச் சமம். கழற்றிய சக்கரத்தையும் மறக்காமல் கட்டுங்கள்.

டிக்கி மூடவில்லை என்றால் திறந்தபடியே கயிறு போட்டு ஓட்டலாமா? கூடாது. இதில் மட்டும் எந்தச் சமாதானமும் எனக்கு ஒப்பவில்லை. வண்டி ஓடும்போது பின்னால் காற்று சுழன்று, சைலன்சர் புகை திறந்த டிக்கி வழியாக உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் தலை வலிக்கும், பிறகு தூக்கம் வரும். மலைப்பாதையில் பிள்ளைகள் அசந்து தூங்குகிறார்கள் என்றே பெற்றோர் நினைப்பார்கள்.

கூரையா, பின்னாலா?

சின்னக் காரில் நான்கைந்து பேர் போனால் சைக்கிள் வெளியேதான். கூரையில் வைப்பதென்றால் முறையான குறுக்குக் கம்பியும் சைக்கிளுக்கான தட்டும் வேண்டும். கூரை தாங்கும் எடை வண்டிக்கு வண்டி மாறும். பல சின்னக் கார்களில் கேரியரையும் சேர்த்து 50 முதல் 75 கிலோ. உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருப்பதுதான் உங்களுக்குக் கணக்கு.

வெறும் கூரையில் சாக்கைப் போட்டு, சைக்கிளைப் படுக்க வைத்து, கயிற்றை ஜன்னல் வழியாக உள்ளே விட்டுச் சுற்றிக் கட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தகடு நசுங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிக் கட்டிய கயிறு நான்கு கதவுகளையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. வண்டி தீப்பிடித்தாலோ தண்ணீரில் இறங்கினாலோ உள்ளே இருப்பவர் கதவைத் திறக்க முடியாது.

கூரையில் நிற்கும் சைக்கிளோடு காரின் உயரம் எட்டரை அடியைத் தாண்டும். ஓட்டுகிறவருக்கு இது பத்து நிமிடத்தில் மறந்துவிடும். சாலையோரப் புளியமரக் கிளை, ரயில்வே சுரங்கப்பாதை, வீட்டு போர்ட்டிகோ எல்லாமே இடிக்கக்கூடியவை. "மேலே சைக்கிள்" என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டி வையுங்கள்.

டிக்கிக் கதவில் பட்டையால் மாட்டும் கேரியர் விலை குறைவு. தூக்கி வைக்கவும் எளிது. இரண்டு சைக்கிளுக்கு மேல் வேண்டாம். அதன் கொக்கிகள் இரும்புத் தகட்டின் விளிம்பைப் பிடிக்க வேண்டும். கண்ணாடி விளிம்பையோ பிளாஸ்டிக் ஸ்பாய்லரையோ பிடித்தால் உடைந்துவிடும். ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும் வண்டிக்கு இது பொருந்தாது, அதற்கென்று தனிக் கேரியர் உண்டு. கனமான சைக்கிளைக் காரை ஒட்டி முதலில் மாட்டுங்கள். இரண்டாவதைத் திசை மாற்றி மாட்டினால் ஹேண்டில் பார்கள் மோதாது. டயர் சைலன்சர் வாய்க்கு நேரே வந்தால் சேலம் வழியில் பெரும்பாலையைத் தாண்டுவதற்குள் ரப்பர் பொசுங்கிவிடும்.

கட்டுவதற்குப் பூட்டோடு வரும் நாடாப் பட்டைதான் சரி. கொக்கி வைத்த ரப்பர் கயிறு சக்கரம் ஆடாமல் இருக்க மட்டும். பாரத்தை அதை நம்பி விடாதீர்கள். அது தெறித்தால் கொக்கி நேராகக் கண்ணுக்கு வரும். நைலான் கயிறு மழையில் நனைந்தால் இளகும். ஒவ்வொரு சைக்கிளையும் சட்டத்தில் ஒன்று, இரு சக்கரங்களிலும் ஒவ்வொன்று என்று கட்டிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் கேரியரை நம்பாமல் காரோடு இன்னொரு பட்டை போடுங்கள். ஒருமுறை அந்தக் கடைசிப் பட்டை மட்டும் இருந்ததால் என் மகளின் சைக்கிள் சாலையில் விழாமல் தொங்கியது. பின்னால் ஒரு பைக்கில் கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு வந்துகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பட்டையை நான் விடுவதில்லை.

கட்டி முடித்ததும் சைக்கிளைப் பிடித்து உலுக்குங்கள். கார் ஆட வேண்டும். சைக்கிள் தனியாக ஆடக் கூடாது. பிறகு பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். நம்பர் பிளேட், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் மூன்றும் தெரிகிறதா? சக்கரம் காரின் அகலத்தைத் தாண்டி வெளியே நீள்கிறதா? அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதே 2019 திருத்தத்தில் 20,000 ரூபாய் அபராதம். கேரியர் வாங்கும் முன் தர்மபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சாலையில்

கிளம்பி ஐந்தாவது கிலோமீட்டரில் நிறுத்துங்கள். பட்டைகள் இளகுவது பெரும்பாலும் அந்த முதல் ஐந்து கிலோமீட்டரில்தான். ஏரியூரிலிருந்து பெரும்பாலை, மேச்சேரி வழியாகச் சேலம் போகிறவர்கள் மேச்சேரியில் டீ குடிக்க நிற்கும்போது இன்னொரு முறை இழுத்துப் பார்க்கலாம். தர்மபுரி வழியாகப் போனால் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது. பாரத்தோடு இறங்கும்போது தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே போனால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஒகேனக்கல் மலை வளைவுகளுக்கும் இதே விதிதான். கூரையில் சைக்கிள் இருந்தால் வளைவில் வண்டி வழக்கத்தைவிட அதிகம் சாயும், பக்கக் காற்றும் தள்ளும். 60, 70 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். பின்னால் கேரியர் இருந்தால் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று வழி சொல்லட்டும். பின் கேமராவில் சைக்கிள் சக்கரம்தான் தெரியும், ஓடி வரும் குழந்தை தெரியாது.

இடம் போதவில்லை என்று முடிவானால் ஒரு குட்டியானையில் சைக்கிளை அனுப்பலாம். விடுதிக்குப் போகும் நான்கைந்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் வாடகை ஆளுக்குச் சொற்பம். ஆனால் சைக்கிளுக்குத் துணையாகப் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிவிடாதீர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியதால் நம் மாவட்டம் இழந்த உயிர்கள் போதும். காவிரிக்கு அக்கரையில் கொளத்தூர்ப் பக்கம் போகிற பிள்ளைக்குக் காரே வேண்டாம். நாகமரை வரை மிதித்துப் போய், சைக்கிளோடு படகில் ஏறிப் பண்ணவாடியில் இறங்கலாம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளட்டும். ஹேண்டில் பாரில் மாட்டிய பையைத் தோளிலும் மாட்டியிருக்க வேண்டாம், தண்ணீரில் அது சைக்கிளோடு சேர்த்து ஆளையும் இழுக்கும்.

போய்ச் சேர்ந்ததும் சமதளத்தில் நிறுத்தி, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி இறக்குங்கள். சக்கரத்தை மாட்டி, இரு பக்க நட்டையும் முறுக்கி, விரித்த பிரேக் கட்டையை மறுபடி சேர்த்து, ஹேண்டில் பாரை நேராக்கி இறுக்குங்கள். முன்சக்கரத்தை இரு காலுக்கிடையே பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தால் அசையக் கூடாது. பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள். விடுதி வளாகத்துக்குள் நீங்கள் ஒரு சுற்று ஓட்டிய பிறகு பிள்ளையிடம் சாவியைக் கொடுங்கள்.