காலணாப் பத்திரிகை நடத்திய வைத்தியர்

அமிர்தியிலிருந்து கடிதம் எழுதிய வாசகருக்கு,

கல்லூரிப் பாடத்தில் ரூசோவைப் படித்துவிட்டு நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி நியாயமானது. 1762இல் அவருடைய 'எமிலி'யைப் பாரிஸில் எரித்தார்கள். ஜெனீவாவில் 'சமுதாய ஒப்பந்த'த்தையும் அதோடு சேர்த்து எரித்தார்கள். அடைக்கலம் புகுந்த ஊரில் வீட்டின்மேல் கல் விழுந்தது. இறந்து 16 ஆண்டு கழித்து அதே பிரான்ஸ் அவர் உடலை எடுத்துப் போய்ப் பெரியோர் நினைவிடமான பாந்தியனில் வைத்தது. 'நம்ம பக்கம் இப்படி எல்லாவற்றையும் கேள்வி கேட்டு, அதற்காக அல்லல்பட்ட ஆள் ஒருவரும் இல்லையா?' என்று கேட்கிறீர்கள்.

இருந்தார். ஒருவர் அல்ல, பலர். பெரியார் என்று நானும் உடனே பதில் எழுதியிருக்கலாம். அவர் உயிர் பிரிந்ததே உங்கள் வேலூர் மருத்துவமனையில்தான், 1973 டிசம்பர் 24 அன்று. ஆனால் பெரியாரை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியார் பொதுவாழ்வுக்கு வருவதற்கு முன்பே காலணாவுக்கு ஒரு வாரப் பத்திரிகை நடத்திய சித்த வைத்தியர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்: அயோத்திதாசப் பண்டிதர்.

1845இல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். தாத்தா கந்தப்பன், ஹாரிங்டன் என்ற வெள்ளைக்காரரிடம் பட்லராக இருந்தவர். அந்தத் தாத்தா வீட்டில் இருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடிதான் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று பேரன் பின்னாளில் எழுதினார். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய வீட்டில் குறள் ஏடு இருந்தது என்பதை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை, மற்றவர்களை மறக்கவிடவும் இல்லை.

வளர்ந்தது நீலகிரியில். இளமையில் அவர் நாத்திகரும் அல்ல, பௌத்தரும் அல்ல. 1870இல் அங்கே அத்வைதானந்த சபை என்று ஒன்றைத் தொடங்கினார். வேதாந்தம் பேசினால், எல்லாரும் ஒன்று என்று ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதற்கு அவரே ஒரு சாட்சியம் விட்டுப்போயிருக்கிறார்.

1892. விக்டோரியா மண்டபத்தில் சென்னை மகாஜன சபைக் கூட்டம். முந்தின ஆண்டுதான் அவர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டி 10 தீர்மானங்கள் போட்டிருந்தார். நீலகிரியின் பிரதிநிதியாக எழுந்து, எங்கள் மக்களை ஏன் விஷ்ணு கோவிலுக்குள்ளும் சிவன் கோவிலுக்குள்ளும் விடுவதில்லை என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பிரதிநிதி சிவராம சாஸ்திரி பதில் சொன்னார்: உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்ல. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த கோரிக்கைக்குப் போனார் அயோத்திதாசர்: எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், தரிசு நிலம் வேண்டும். கோபத்தைக் கோரிக்கையாக மாற்றிய அந்த நிதானம்தான் எனக்கு இவரிடம் மிகப் பிடித்தது. ரூசோவாக இருந்தால் மண்டபத்தைவிட்டு அழுதுகொண்டே வெளியேறியிருப்பார்.

1898இல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்புக்குப் போய், பௌத்தத் துறவி சுமங்கல தேரரிடம் பௌத்த தீட்சை பெற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பிழைப்பு வைத்தியம்தான். சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்த திரு.வி.க.வை எழுப்பி நடக்கவைத்தவர் இவர், திரு.வி.க. தம் 'வாழ்க்கைக் குறிப்புகளி'ல் அதை எழுதியிருக்கிறார். பண்டிதர் கொடுத்த மருந்தை வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் அவர் கொடுத்த கருத்தையும் வாங்கிக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

1907 ஜூன் 19, புதன்கிழமை. 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. நான்கு பக்கம், விலை காலணா. அடுத்த ஆண்டு 'தமிழன்' ஆனது. ஏறக்குறைய ஏழு ஆண்டு, சாகும்வரை, வாரந்தவறாமல் எழுதினார்: தண்ணீர், பஞ்சம், பள்ளிக்கூடம், சுதேசி இயக்கம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கைம்பெண்கள், குறள் உரை, புத்தர் வரலாறு.

அவர் சொன்னதன் கரு ஒன்றுதான். சாதி தொன்றுதொட்டு இருந்ததல்ல. இன்று இழிவாக நடத்தப்படுபவர்கள் நேற்றைய பௌத்தர்கள், தோற்கடிக்கப்பட்டதால் தாழ்த்தப்பட்டார்கள். இது வரலாற்றின்படி எவ்வளவு நிற்கும் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இதைப் படித்த ஒரு கூலித் தொழிலாளிக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'நான் ஏன் தாழ்ந்தவன்?' என்று இருந்த கேள்வி, 'என்னைத் தாழ்த்தியது யார்?' என்று மாறுகிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலைத் தீபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆமணக்கு எண்ணெயைக் கண்டுபிடித்த பௌத்தர்கள் அதை மலைமேல் ஏற்றிச் சோதித்துப் பார்த்த நாளின் நினைவே கார்த்திகை தீபம் என்று எழுதினார். தீபாவளி, எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கற்ற நாள். இதற்குச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை, அவர் காட்டியதும் எனக்குப் போதவில்லை. ஆனால் சாமி அசுரனை வென்ற நாளை மனிதன் எண்ணெய் கண்டுபிடித்த நாளாக மாற்றிப் பார்க்க ஒரு துணிச்சல் வேண்டும். அவர் காலத்துப் படித்தவர்கள் பலரிடம் அது இல்லை.

இந்தப் பத்திரிகையை யார் படித்தார்கள் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது. சென்னைப் பட்டதாரிகள் தாங்கியதைவிடக் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளிகள் அதை அதிகம் தாங்கினார்கள். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கக் கிளை இருந்தது. அந்தத் தொழிலாளிகள் எங்கிருந்து போனவர்கள்? பெரும்பங்கு உங்கள் வட ஆர்க்காட்டிலிருந்து. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று போகும் ரயில் பாதைதான் அவர்களைச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனது. திருப்பத்தூரில் அ.ப. பெரியசாமிப் புலவர் பௌத்தம் பேசினார். ஊரில் தோல் ஷாப்பு, அங்கே சுரங்கம்; இரண்டிடத்திலும் கூலிக்கு நின்றவர்கள் பலர் ஒரே சேரிகளின் பிள்ளைகள்.

1914 மே 5 அன்று பண்டிதர் இறந்தார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை இழுத்துப்பிடித்து நடத்தினார். பிறகு சென்னை பண்டிதரை மறந்தது. 1926இல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் 'தமிழ'னைத் திரும்பக் கொண்டுவந்தார். அதன்பின் பல்கலைக்கழகப் பாடங்களிலோ இலக்கிய வரலாறுகளிலோ பெரிதாகப் பேச்சில்லை. பெரியசாமிப் புலவரின் மகன் தி.பெ. கமலநாதன் 1985இல் திருப்பத்தூரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி, ஒடுக்கப்பட்டோரின் போராட்டத்தைத் திராவிட இயக்கத்தின் வால்பகுதியாகச் சொல்லும் வழக்கத்தை மறுத்தார். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கட்டிக்காத்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்திலிருந்து வெளிவந்தது. ரூசோவுக்கு 16 ஆண்டு ஆனது, இவருக்கு 85.

அதற்குப் பிறகு அரசாங்கங்களுக்கும் நினைவு வந்தது. 2005இல் அஞ்சல்தலை. அதே ஆண்டு தாம்பரத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர். 2023இல் கிண்டியில் மணிமண்டபம்.

அம்பேத்கர் இவரைப் படித்துத்தான் பௌத்தத்துக்கு வந்தார் என்று மேடைகளில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பண்டிதரின் தோழர் பேராசிரியர் லட்சுமி நரசுவின் 'பௌத்த சாரம்' நூலை அம்பேத்கர் 1948இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். உறுதியாகச் சொல்லக்கூடிய கண்ணி அது, அதுவே போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும், குறிப்பாக உங்களுக்கு. உங்கள் அக்கா ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். தோலோடு பிறப்பால் கட்டிப்போடப்பட்ட சக்கிலியரையும், குறவரையும் பண்டிதர் வேறு கணக்கில் வைத்தார். தம் மக்கள் சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள், இவர்களோ இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்ற பொருளில் எழுதினார். அருந்ததியர் எழுத்தாளர்கள் இதைச் சுட்டிக் கண்டித்திருக்கிறார்கள், கண்டித்தது சரி. அந்தக் காலத்து வழக்கம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சாதி என்பதே கட்டுக்கதை என்று கண்டுபிடித்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. காண்ட் கறுப்பின மக்களைப் பற்றி எழுதியதும், வால்டேர் யூதர்களைப் பற்றி எழுதியதும், பிள்ளை வளர்ப்பைப் பற்றி உலகுக்குப் பாடம் எடுத்த ரூசோ தம் ஐந்து குழந்தைகளை அநாதை விடுதியில் விட்டதும் இதே வரிசையில் வரும். எல்லாவற்றையும் விசாரி என்று பண்டிதர் சொன்னதை வைத்தே அவரையும் விசாரிக்கலாம்.

படிக்கத் தொடங்குவதானால் 'இந்திரர் தேச சரித்திர'த்தில் தொடங்க வேண்டாம், திணறிவிடுவீர்கள். தொகுப்பின் முதல் பகுதியில் உள்ள பத்திரிகைக் கட்டுரைகளைப் படியுங்கள். பழைய நடை, இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடப்பட்டபின் ஊர் திரும்பிய குடும்பத்தினர் உங்கள் மாவட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் 'தமிழன்' இதழோ சாக்கிய பௌத்த சங்கத்தின் துண்டறிக்கையோ கண்ணில் பட்டால் எடைக்குப் போட விடாதீர்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்