பாட்டு செட் வாங்கப் போறீங்களா? பெட்டியின் பின்பக்கத்தைப் படிங்க!



மிக்சி, கிரைண்டர் வாங்க உள்கடன் கேட்ட காலம் போய், "பையன் ஹோம் தியேட்டர் கேக்குறான் அக்கா" என்று கடன் கேட்கிற காலம் வந்துவிட்டது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. 2006-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச வண்ணத் தொலைக்காட்சியில், பெட்டி பெரிசு, ஸ்பீக்கருக்கும் இடம் இருந்தது. இப்போது வாங்கும் தட்டை டிவியில் ஸ்பீக்கர் சின்னது. பேச்சு சரியாகக் காதில் விழுவதில்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வரும் பெண்ணுக்கு நல்ல பாட்டு கேட்கவும் ஆசை இருக்கும்.

ஆனால் சேமிப்புப் பணம் ஏமாந்து போகக் கூடாது. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ் ஏறும் முன், சுந்தரபாண்டியம் சகோதரிகள் இந்தப் பாடத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. "2000 வாட்ஸ்" என்பது உண்மையா?

பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 2000 வாட்ஸ், 5000 வாட்ஸ் என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். அது ஒரு கண நேர உச்சத்தைச் சொல்லும் கணக்கு. அதை அளக்கப் பொதுவான விதி எதுவும் கிடையாது. அவரவர் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். நாம் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். தொடர்ந்து எவ்வளவு சக்தி கொடுக்கும் என்பதை அதுதான் சொல்லும்.

கடைக்காரர் சொல்லாவிட்டால் நாமே கண்டுபிடிக்கலாம். மோட்டார் எவ்வளவு பெரிசாக இருந்தாலும், கிணற்றில் ஊறுவதைவிட அதிகமாகத் தொடர்ந்து இறைக்க முடியுமா? ஆம்ப்ளிபயரும் அப்படித்தான். பின்பக்கத்தில் எத்தனை வாட் கரண்ட் எடுக்கும் என்று போட்டிருக்கும். அசெம்பிள் செட் என்றால், உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரின் வோல்ட்டையும் ஆம்பியரையும் கேட்டுப் பெருக்குங்கள். 12 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 12 x 5 = 60 வாட். அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். 60 வாட் உள்ளே போனால் 2000 வாட் எப்படி வெளியே வரும்?

அசெம்பிள் செட்டுகளில் அதிகம் போடும் 4440 என்ற ஐ.சி., இரண்டு பக்கமும் தலா 6 வாட் தரும். ஒரே பக்கமாகச் சேர்த்தால் சுமார் 19 வாட். இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குப் பக்கத்துக்கு 10 முதல் 20 வாட் தாராளம்.

2. பணத்தை எதில் போடுவது?

காதுக்கு வருகிற சத்தம் ஸ்பீக்கரில் இருந்துதான் வருகிறது. அதனால் நூறு ரூபாயில் 50 ரூபாயை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். 35 ரூபாய் ஆம்ப்ளிபயருக்கு. மீதி 15 ரூபாய் ஒயர், பிளக், ஸ்டாண்டுக்கு. கலர் லைட், ரிமோட், டிஸ்ப்ளே எல்லாம் கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை.

சின்ன அறைக்கு ஐந்து பெட்டியும் ஒரு பேஸ் பெட்டியும் தேவையில்லை. அதே பணத்தில் ஐந்து சுமாரான ஸ்பீக்கர் வாங்குவதைவிட இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குவது மேல்.

ஸ்பீக்கரின் பின்னால் 4 ஓம் அல்லது 8 ஓம் என்று இருக்கும். ஆம்ப்ளிபயரில் குறைந்தது 8 ஓம் என்று போட்டிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். சூடேறிப் புகைந்துவிடும்.

3. கடையில் சோதிப்பது எப்படி?

• பாட்டு போடாமல் சத்தத்தை மட்டும் கூட்டுங்கள். "உய்ங்" என்று இரைந்தால் வேண்டாம்.
• கடைக்காரர் போடும் குத்துப் பாட்டை நம்பாதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டை உங்கள் செல்லில் கொண்டு போங்கள்.
• ரேடியோ இருந்தால் கொடைக்கானல் பண்பலை 100.5 வையுங்கள். செய்தி வாசிப்பவர் குரல் பானைக்குள் இருந்து பேசுவது போல் கேட்கக் கூடாது.
• முக்கால் வால்யூமில் பாட்டு கரகரத்தால், அதற்கு மேல் அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை.
• பில், வாரண்டி அட்டை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பிரச்சினை வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

4. தவணையா, குழுக் கடனா?

ஒரு செட் 6000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 1000 கட்டுகிறோம். மீதி 5000-க்கு மாதம் 600 வீதம் 10 மாதம் தவணை என்கிறார்கள். மொத்தம் 6000 கட்டுகிறோம். வட்டி மட்டும் 1000.

அதே 5000-ஐக் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வாங்கி, மாதம் 500 அசல் கட்டினால் வட்டி மாதாமாதம் குறையும். முதல் மாதம் 50, அடுத்து 45, கடைசியில் 5. கூட்டினால் 275 ரூபாய்தான். மிச்சம் 725 ரூபாய்! அந்த 275-ம் வெளியே போவதில்லை, நம் குழுவிலேயே சேர்கிறது.

ஆனாலும் ஒன்று. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கடன் கேட்டு ஒரு சகோதரி காத்திருந்தால், பாட்டு செட் அடுத்த மாதம் வரை பொறுக்கலாம். இதைக் கூட்டத்தில் எல்லோரும் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

5. வீட்டுக்கு வந்த பிறகு

ஸ்பீக்கரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாமல், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். மூலையில் வைத்தால் பேஸ் குமுறும். சிவப்பு முனைக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரண்டு பெட்டிக்கும் ஒரே மாதிரி ஒயர் மாட்டுங்கள். ஒன்று மாறினாலும் பேஸ் சத்தம் அடிபட்டுப் போகும். மூன்று பின் பிளக்கை எர்த் உள்ள பாயிண்டில் மட்டும் மாட்டுங்கள்.

சத்தத்துக்கும் சட்டம் உண்டு. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும், கைக்குழந்தை இருக்கும். நம் பாட்டு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

1. உங்கள் வீட்டில் இருக்கும் செட்டின் பின்பக்கத்தில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது? முன்பக்கத்தில்?
2. உங்களில் யாராவது தவணையில் பொருள் வாங்கியிருக்கிறீர்களா? கட்டிய மொத்தப் பணத்தைக் கூட்டிப் பாருங்கள். வட்டி எவ்வளவு?
3. இந்த மாதம் நம் குழுவில் எந்தக் கடன் அவசரம், எது பொறுக்கலாம்?