காய்ச்சல் இருக்கா என்று கேட்காதீர்கள்

கொரோனாவின் இரண்டு அலைகளிலும் விருதுநகர் மாவட்டம் கான்சாபுரம் பக்கத்துக் கிராமங்களில் காய்ச்சல் முகாம் நடத்திய மருத்துவர் நான். கவச உடைக்குள் வெந்த கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைவிடச் சிரமமாக இருந்தது, நோயை மறைத்தவர்களை வாய் திறக்க வைப்பதுதான். இனி கிராமத்துக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கு உதவும் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

கேள்வியை மாற்றுங்கள்

"காய்ச்சல் இருக்கா?" என்றால் "இல்ல" என்றுதான் பதில் வரும். இருக்கிறது என்றால் வீட்டைத் தனிமைப்படுத்தி வாசலில் தகரம் அடிப்பார்கள், வேலைக்குக் கூட்டிப்போகும் மில் வேனில் ஏற்ற மாட்டார்கள் என்ற பயம் அப்போது. இருமலை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. ராஜபாளையம் பஞ்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் பலருக்குப் பஞ்சுத் தூசியால் எப்போதும் இருமல்தான். அதனால், "நேத்து வேலைக்குப் போனீங்களா? ராத்திரி தூக்கம் வந்துச்சா? குழம்பு வாசம் தெரியுதா?" என்று கேட்கத் தொடங்கினேன். இதற்கு யாரும் பொய் சொல்லவில்லை.

நடக்க வைத்து அளந்து பாருங்கள்

நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி, ஜில்லிட்ட விரல் எல்லாம் ஆக்சிமீட்டரை ஏமாற்றும். எண் ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். உட்கார்ந்திருக்கையில் 96 காட்டுபவர் 6 நிமிடம் நடந்தால் 92க்கு இறங்கலாம். மூச்சு வாங்குவதே தெரியாமல் ஆக்சிஜன் குறைவது இந்த நோயின் கள்ளத்தனம். எண் இறங்கினால் உடனே அனுப்புங்கள். பெரிய மருத்துவமனை உள்ள மதுரைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022 ஜனவரியில்தான். படுக்கைக்கு அலைமோதிய 2021 மே மாதத்தில், முன்கூட்டியே அனுப்பியது பலரைக் காப்பாற்றியது. வண்டி வரும்வரை குப்புறப் படுக்கச் சொல்லுங்கள்.

'முடியாது' என்பதற்குக் காரணம் சொல்லுங்கள்

"தாயி, ஊசி ஒண்ணு போட்டுவிட்டாச் சரியாப் போயிரும்" என்று பாட்டிகள் கையை நீட்டுவார்கள். அவர்கள் கேட்டது ஸ்டீராய்டு ஊசி. அது உயிர் காத்தது உண்மை. ஆனால் 2020 ஜூனில் வெளிவந்த பிரிட்டன் ஆய்வின்படி, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பலன் தந்தது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு மட்டுமே. தேவையில்லாதவர்கள் கடையில் வாங்கி விழுங்கினால் சர்க்கரை எகிறும். இரண்டாம் அலையில் கரும்பூஞ்சை பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். "இப்பப் போட்டா சக்கர ஏறும் ஆத்தா, மூச்சு வாங்குனா நானே போடுறேன்" என்றால் புரிந்துகொண்டார்கள்.

உங்கள் உடம்பையும் பாருங்கள்

கவச உடை போடுவதற்கு முன்பே உப்பு சர்க்கரைக் கரைசல் குடித்துவிடுங்கள். போட்டபின் தண்ணீரும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. முகக்கவசத்தின் மேல் விளிம்பில் டேப் ஒட்டினால் கண்ணாடியில் ஆவி படியாது. கழற்றும்போதுதான் தொற்று அதிகம் ஒட்டும். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அங்கே அவசரம் வேண்டாம். மார்பில் உங்கள் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். முகம் தெரியாத ஆளிடம் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை.

தெருவோடு முன்பே பேசுங்கள்

2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தார்கள். அடக்கத்தைத் தடுப்பதைக் குற்றமாக்கி அதே மாதம் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கல்லெறிந்த செய்தியைப் படித்த இரவு என் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. சட்டம் கல்லைத் தடுக்கும், பயத்தைப் போக்காது. ஊர்ப் பெரியவர்கள், மகளிர் குழுத் தலைவிகள், டீக்கடைக்காரர் ஆகியோரிடம் நோய் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். குணமாகித் திரும்பியவர்களை அடுத்த முகாமுக்கு அழைத்து வந்து வாசலில் உட்கார வையுங்கள். மில் வேனில் மறுபடி ஏறிவிட்ட ஒருவர், "எனக்கும் இருந்துச்சு, சரியாயிருச்சு" என்று சொன்ன தெருக்களில்தான் ஜனம் தானாகவே சோதனைக்கு வந்தது.